ஆதார சுருதி அரைப்படி நகரும்போது

மெதுவாகப் போகும் இசை என்றாலே சோக இசை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துயரம் என்ற பாடமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டு வாய்ப்பாடுகளையும் நம்பி, ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் சி மேஜர் தந்திக் குவின்டெட்டில் இரண்டாவதாக வரும் அடாஜியோவைக் கேட்கப் போனால், இரண்டுமே கைகொடுக்காது. அது மேஜரில் தொடங்கி மேஜரில் முடிகிறது, ஆனால் அதை மகிழ்ச்சி என்று சொல்ல வாய் வராது. மிக மிக மெதுவாகப் போகிறது, ஆனாலும் அழுகை என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு கொந்தளிப்பு வந்து போகிறது. அது போன பிறகு முதலில் கேட்ட அதே மெட்டு திரும்புகிறது, ஆனால் நமக்கு அது பழைய மெட்டாக இருப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மேற்கத்திய இசையைப் பாடமாகப் படித்திருக்க வேண்டியதில்லை. ஷட்ஜம் என்றால் என்ன, தாளம் என்றால் என்ன என்று தெரிந்த கர்நாடக இசை ரசிகருக்கு வேண்டிய அளவு முன்னறிவு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சற்று நேரம் தள்ளி வைக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் படைப்பைப் பற்றிச் சில தகவல்கள். சேம்பர் இசை என்பது சிறிய குழு ஓர் அறையில் உட்கார்ந்து வாசிப்பதற்காக எழுதப்படும் இசை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு கலைஞர்தான், கைகாட்டி நடத்துபவர் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ சேர்ந்தால் குவார்டெட். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கும்போது மோட்சார்ட் இன்னொரு வியோலாவைச் சேர்த்தார். ஷூபர்ட் இன்னொரு செலோவைச் சேர்த்தார். அவருக்கு முன்பே இத்தாலியரான போக்கெரினி இந்த அமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட குவின்டெட்டுகளை எழுதியிருந்தார் என்றாலும், இரண்டாவது செலோவுக்கு ஷூபர்ட் கொடுத்த வேலை புதிது. ஒரு செலோ அடித்தளத்தைப் பார்த்துக்கொள்வதால் இன்னொன்று மேலே ஏறி நடுக்குரலில் பாட முடிகிறது. இந்த அடாஜியோவின் குணத்தில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து வருவது.

ஷூபர்ட் இதை எழுதியது 1828-ன் கோடைக் கடைசியில். அக்டோபர் 2-ம் தேதி லைப்சிக்கில் இருந்த பதிப்பாளர் புரோப்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குவின்டெட்டைக் குறிப்பிடுகிறார். பதிப்பாளர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் 19-ம் தேதி வியன்னாவில் ஷூபர்ட் இறந்தார், வயது 31. படைப்பு மேடையேறியது 1850 நவம்பர் 17-ம் தேதி, வியன்னாவில், ஹெல்மெஸ்பெர்கர் குவார்டெட்டின் முயற்சியால். அச்சானது 1853-ல். அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. அச்சுப் பிரதியை வைத்துத்தான் உலகம் முழுவதும் வாசிக்கிறார்கள்.

இனி வேகத்துக்கு வருவோம்.

தாளின் தலைப்பில் ஷூபர்ட் எழுதியது ‘அடாஜியோ’ என்ற ஒரே சொல்தான். நிதானமாக வாசியுங்கள் என்று பொருள். எவ்வளவு நிதானம் என்று எண்ணில் சொல்லவில்லை. மெட்ரோனோம் கருவி அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது, பீத்தோவன் தன் படைப்புகள் சிலவற்றுக்கு அந்த எண்களைக் கொடுத்தும் இருந்தார். ஷூபர்ட் இதற்குக் கொடுக்கவில்லை. ஆகவே வேகத்தைக் குழுதான் முடிவுசெய்ய வேண்டும்.

தாளக் குறி 12/8. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி, ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று மூன்றாகப் பிரியும் நடை. நம் கணக்கில் இது திஸ்ர நடை. ஒரு குழு நிமிடத்துக்கு 24 அடி என்ற வேகத்தில் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல குழுக்கள் தொடக்கத்தில் இதை ஒட்டித்தான் வாசிக்கின்றன. அப்படியானால் ஓர் அடிக்கு இரண்டரை விநாடி, ஒரு பாருக்குப் பத்து விநாடி. அடாஜியோவின் முதல் பிரிவில் 28 பார்கள். அந்த 28 பார்களைக் கடக்க நாலே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரண்டரை விநாடிக்கு ஓர் அடி என்பதை மனித மனம் தாளமாகப் பிடித்து வைத்துக்கொள்வது கடினம். அடுத்த அடி வரும் என்ற எதிர்பார்ப்பே தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சிதான் காலம் நின்றுவிட்டது என்ற உணர்வைக் கொடுக்கிறது.

அப்படியானால் இசை ஏன் குலைந்துபோகவில்லை? இரண்டரை விநாடியை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஓடும் சிறு துடிப்பு நிமிடத்துக்கு 72 ஆகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அதுதான். வெளியே தெரியும் நடை அசைவே இல்லாதது, உள்ளே ஓடும் நடை உயிருள்ளது. ஷூபர்ட் வேகத்தை அமைத்த விதத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். வெறுமனே மெதுவாக எழுதியிருந்தால் இசை தூங்கிவிடும். அவர் இரண்டு வேகங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்.

அந்த இரண்டையும் ஐந்து பேருக்குள் எப்படிப் பங்கிடுகிறார் என்று பாருங்கள். இரண்டாம் வயலின், வியோலா, முதல் செலோ ஆகிய மூன்றும் நடுவில் ஒன்றாகக் கூடி நீண்ட நீண்ட சுரங்களை வில்லால் இழுக்கின்றன. மெட்டு அங்கேதான் இருக்கிறது. ஆனால் மெட்டு என்று தனியாகப் பிரித்துப் பாடிக் காட்டும்படி அது இல்லை. மூன்று குரல்களும் சேர்ந்து நகர்ந்தால்தான் அது மெட்டு. கீழே இரண்டாவது செலோ வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் தந்தியை மீட்டுகிறது. நடையின் ஒரே அடையாளம் அந்த மீட்டல். மேலே முதல் வயலின் சிறு சிறு சொற்களாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்துகிறது, மறுபடி சொல்கிறது. பிறகு அதுவும் வில்லை விட்டு மீட்டத் தொடங்குகிறது. எல்லாம் மிக மென்மையான ஒலியில்.

வாசிப்பவர்களுக்கு இது கடும் சோதனை. பத்து விநாடி நீளும் ஒரு சுரத்தை, சத்தம் ஏறாமல், நடுங்காமல், வில் தீர்ந்துபோகாமல் இழுக்க வேண்டும். வில் திரும்பும் இடம் கேட்கக் கூடாது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுரம் மாற வேண்டும். கைகாட்டுபவர் இல்லாததால் ஒருவர் மூச்சை இன்னொருவர் பார்த்துத்தான் மாற முடியும். வேகமான பகுதிகளில் விரல் சாமர்த்தியம் தெரியும். குழு உண்மையில் ஒன்றாக இருக்கிறதா என்பது இப்படிப்பட்ட பகுதியில்தான் தெரியவரும்.

இப்போது சுருதி. குவின்டெட் முழுவதற்கும் சி மேஜர்தான் வீடு. நம் மொழியில் சி சுரமே ஷட்ஜம், மேஜர் என்றால் சங்கராபரணத்தின் சுரங்கள். ஆனால் அடாஜியோவுக்கு ஷூபர்ட் தேர்ந்தெடுத்தது ஈ மேஜர். அதாவது பழைய ஷட்ஜத்தின் அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் புதிய ஷட்ஜத்தை வைத்து, அங்கிருந்து மறுபடியும் சங்கராபரணத்தைத் தொடங்குகிறார்.

இதற்கு ஒலியிலேயே ஒரு விளைவு உண்டு. செலோவின் நான்கு தந்திகளும் வியோலாவின் நான்கு தந்திகளும் சி, ஜி, டி, ஏ என்றே கட்டப்பட்டவை. சி மேஜரில் வாசிக்கும்போது இந்த நான்கு சுரங்களுமே ராகத்துக்குள் இருக்கின்றன. தொடாத தந்திகளும் கூடவே அதிர்ந்து ஒலியைத் திறந்துவிடும். ஈ மேஜருக்குப் போனால் சி, ஜி, டி மூன்றும் வெளியே போய்விடுகின்றன, ஏ மட்டுமே மிஞ்சுகிறது. அந்த உதவி அதிர்வு கிடைக்காததால் நடுக்குரல்களின் ஒலி சற்று மூடியதாக, உள்ளடங்கியதாக ஆகிவிடுகிறது. குவின்டெட்டின் முதல் பகுதியின் வெளிச்சமான சி மேஜருக்குப் பிறகு இந்த அடாஜியோ தொடங்கும்போது அறையே மாறிவிட்டதாகத் தோன்றுவதற்கு மரத்திலும் தந்தியிலும் இருக்கும் காரணம் இது.

தள்ளி வைக்க வேண்டிய பழக்கம் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். கர்நாடக இசையில் ஒரு சுரம் நீளும்போது நம் காது அதற்குள் அசைவைத் தேடுகிறது. விளம்ப காலத்தில் பாடும்போது கமகம்தான் சுரத்துக்கு உயிர். ஷட்ஜமோ கச்சேரி முழுவதும் தம்புராவில் அசையாமல் நிற்கும். இங்கே நிலைமை தலைகீழ். நீளும் சுரம் அசைவதில்லை, அதற்குக் கீழே இருக்கும் மற்றச் சுரங்கள் மாறுகின்றன. அவை மாறும்போது, மேலே நிற்கும் அதே சுரத்தின் பொருளும் மாறிவிடுகிறது. ஆகவே இந்த இசையில் மேல் மெட்டைத் துரத்திக்கொண்டு போகாமல், கூட்டு ஒலி எப்போது நிறம் மாறுகிறது என்று காத்திருந்து கேட்க வேண்டும். வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதன் பயனும் அதுதான். ஒவ்வொரு நிற மாற்றமும் தனி நிகழ்ச்சியாகக் காதில் விழுகிறது.

நடுப்பகுதியில் ஷட்ஜமே நகர்கிறது.

28-வது பார் முடியும் இடத்தில் ஈ சுரத்தில் ஒரு நடுக்கம் கிளம்புகிறது. ஒலி ஏறுகிறது. அடுத்த கணம் எல்லோரும் எஃப் சுரத்தில் பலமாக விழுகிறார்கள். எஃப் மைனர் தொடங்கிவிட்டது. ஷட்ஜம் அரைப்படி, அதாவது பியானோவில் அடுத்த கட்டைக்கு, மேலே ஏறியிருக்கிறது. சங்கராபரணம் போய், நடபைரவியும் கீரவாணியும் கலந்த மைனர் சுரங்கள் வந்திருக்கின்றன.

இதைக் கிரக பேதம் என்று எண்ணிவிட வேண்டாம். கிரக பேதத்தில் ராகத்துக்குள் இருக்கும் ஒரு சுரம்தான் புதிய ஷட்ஜமாகும். பழைய சுரங்களும் அப்படியே கூட வரும். ஷூபர்ட் போய் நிற்கும் இடம் சுத்த ரிஷபம். சங்கராபரணத்தில் அந்தச் சுரமே கிடையாது, அதில் உள்ளது சதுஸ்ருதி ரிஷபம். ஈ மேஜருக்கும் எஃப் மைனருக்கும் பொதுவான சுரங்கள் ஏழில் மூன்றுதான். கட்டையில் அடுத்தடுத்து இருந்தும் உறவில் இவ்வளவு தொலைவு. மதில் ஒட்டிய வீடாக இருந்தும் கொடுக்கல் வாங்கல் இல்லாத இரண்டு குடும்பங்களைப் போல. அங்கிருந்து இங்கே தாண்டுவதற்கு ஷூபர்ட் பாலம் எதுவும் கட்டவில்லை. நடுக்கம், ஏற்றம், தாவல், அவ்வளவே.

பொதுவான அந்த மூன்று சுரங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஈ மேஜருக்கு அந்தர காந்தாரமாக இருக்கும் கட்டை எதுவோ, அதே கட்டைதான் எஃப் மைனருக்குச் சாதாரண காந்தாரம். ஷட்ஜம் மட்டும் ஒரு கட்டை ஏறிவிட்டதால், நின்ற இடத்திலேயே நின்ற காந்தாரம் பெரியதிலிருந்து சிறியதாகிவிடுகிறது. மேஜருக்கு மேஜர்த்தன்மை கொடுப்பதும் மைனருக்கு மைனர்த்தன்மை கொடுப்பதும் காந்தாரம்தான். முதல் நாலரை நிமிடம் அமைதியைச் சுமந்த அதே ஒலி, தான் அசையாமலேயே, இப்போது வேதனையைச் சுமக்கிறது. சுருதிக்கும் உணர்வுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான். துயரம் எஃப் மைனருக்குள் இருக்கும் சரக்கு இல்லை. ஈ மேஜரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த தொலைவில் இருக்கிறது.

தொலைவு மட்டுமா? வேலைப் பங்கீடும் கலைந்துவிடுகிறது. முதல் வயலினும் முதல் செலோவும் ஒரே மெட்டை ஸ்தாயி விட்டு ஸ்தாயி பாடுகின்றன. இப்போது கேட்பது உண்மையான மெட்டு, உரக்கப் பாடும் மெட்டு. இரண்டாம் வயலினும் வியோலாவும் அடியில் விழாமல் அடிக்கு நடுவே மாற்றி மாற்றி இடிக்கின்றன. அடியில் இரண்டாவது செலோ ஓயாமல் உருளுகிறது. வேகக் குறியை ஷூபர்ட் மாற்றவே இல்லை. பல குழுக்கள் இங்கே சற்று முடுக்குகின்றன என்பது உண்மை, ஆனால் முடுக்காமல் வாசித்தாலும் வேகம் கூடிவிட்டதாகவே தோன்றும். முன்பு உள்ளே ஒளிந்திருந்த துடிப்பு வெளியே வந்துவிட்டது, அதுதான் காரணம்.

எஃப் மைனருக்குச் சி சுரம் பஞ்சமம். செலோவின் மிகத் தடித்த தந்தி அதே சி. ஈ மேஜரில் வாய் மூடியிருந்த அந்தத் தந்தி இங்கே இயல்பாக அதிர்கிறது.

பிறகு அந்தக் கொந்தளிப்பு உடைந்து, சொற்கள் அறுந்து, நடுவில் மௌனங்கள் விழ, அடங்குகிறது. 64-வது பாரில் முதல் மெட்டு ஈ மேஜரில் திரும்புகிறது. நடுவில் இருக்கும் மூவரும் முன்பு வாசித்ததைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் முன்பு மீட்டிக்கொண்டிருந்த இரண்டாவது செலோ இப்போது வில்லெடுத்து, அடிக்குரலில் பொடிப்பொடி சுரங்களாக ஓடி அலைகிறது. மேலே முதல் வயலினும் பின்னிக்கொண்டே போகிறது. அமைதி திரும்பிவிட்டது, ஆனால் நடந்ததை மறந்த அமைதி இல்லை. கடைசிச் சில பார்களில் ஒரு கணம் எஃப் மைனர் மறுபடி தலைகாட்டிவிட்டு, ஈ மேஜருக்கு வழி விடுகிறது. மொத்தம் 94 பார்கள், பெரும்பாலும் 14 நிமிடத்தை ஒட்டி.

இந்த இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஷூபர்ட்டின் மரணத்தை இதற்குள் தேடுவது வழக்கம். இரண்டு மாதத்தில் இறக்கப்போகிறவர் எழுதியது, ஆகவே இது விடைபெறும் இசை என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் நீண்ட நாள் நோயாளி என்பது மெய்தான். ஆனால் 1828 நவம்பர் 4-ம் தேதி அவர் சைமன் செக்டர் என்ற ஆசிரியரிடம் பல குரல்களை ஒன்றோடொன்று இழைக்கும் கவுண்டர்பாயிண்ட் பாடத்துக்குப் போனார். இன்னும் கற்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். தனக்கு முன்னால் நிறைய வேலை இருக்கிறது என்று எண்ணியவர் எழுதிய இசையாகக் கேட்டால், இதன் துணிச்சல் நமக்குக் கூடுதலாகவே தெரியும்.

ஒவ்வொரு சுருதிக்கும் பிறவிக் குணம் ஒன்று உண்டு என்று நம்பியவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் டேனியல் ஷூபார்ட் என்பவர் ஒரு பட்டியலே போட்டார். அது அவர் இறந்த பிறகு 1806-ல் வியன்னாவில் அச்சானது. ஷூபர்ட்டின் புகழ்பெற்ற ‘டிரவுட்’ பாட்டுக்கு வரிகள் எழுதிய கவிஞரும் இவர்தான். அவருடைய பட்டியலில் எஃப் மைனர் ஆழ்ந்த மனச்சோர்வு, இறப்புப் புலம்பல். இந்த அடாஜியோவுக்கு அது பொருந்தும். ஈ மேஜரோ ஆரவாரமான களிப்பு. இது சிறிதும் பொருந்தாது. ஷூபர்ட் தன் பாடல்களில் ஈ மேஜரை வேறு விதமாகப் பயன்படுத்தினார். 1823-ல் எழுதிய ‘அழகிய ஆலைக்காரி’ பாடல் வரிசையின் கடைசியில் நீரோடை பாடும் தாலாட்டும், 1827-ன் ‘குளிர்காலப் பயணம்’ வரிசையில் ஓய்வுக்கு அழைக்கும் மரத்தைப் பற்றிய பாட்டும் ஈ மேஜரில் உள்ளவை. பொதுப் பட்டியலைக் காட்டிலும் ஒரு கலைஞரின் சொந்த வழக்கமே நமக்கு நல்ல வழிகாட்டி.

உணர்வை வாய்விட்டுச் சொல்லிவிடும் மெதுவான பகுதிகளும் உண்டு. பீத்தோவன் 1825-ல் பெரும் நோயிலிருந்து எழுந்து எழுதிய ஏ மைனர் குவார்டெட்டின் மூன்றாம் பகுதிக்கு, குணமடைந்தவர் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாடல் என்று அவரே தலைப்பிட்டார். அது எஃப் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்ட லிடியன் முறையில் அமைந்தது. நம் மேசகல்யாணியின் அதே சுரங்கள். அங்கே கேட்பவர் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஷூபர்ட் நமக்கு அப்படி எதையும் தரவில்லை. வேகத்தையும் சுருதியையும் மட்டும் தந்துவிட்டுப் போனார்.

கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். 1952-ல் பிராட் நகரில் பாப்லோ காசல்ஸ் முதல் செலோ வாசிக்க, ஐசக் ஸ்டெர்னும் பால் டோர்ட்டலியேயும் உடன் வாசித்த பதிவு பழையது, ஒலி கரடுமுரடு, ஆனால் மனித மூச்சு கேட்கும். ஆல்பன் பெர்க் குவார்டெட்டும் ஹைன்ரிஷ் ஷிஃபும் சேர்ந்த பதிவு தெளிவானது, ஒவ்வொரு குரலையும் பிரித்துக் கேட்கலாம். முதல் தடவை இரண்டாவது செலோவை மட்டும் பின்தொடருங்கள். தொடக்கத்தில் மீட்டலாகவும், நடுவில் உருளலாகவும், முடிவில் ஓட்டமாகவும் அது மாறுவதைக் கவனித்தாலே இந்தப் பகுதியின் கதை பிடிபட்டுவிடும். அடுத்த தடவை நடுக்குரல்கள். முதல் வயலினைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் காதில் விழும்.

அடாஜியோவை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த பகுதியான ஸ்கெர்ட்சோ சி மேஜர், அதன் நடுவில் வேகம் திடீரென்று தணியும் பகுதியோ டி ஃபிளாட் மேஜர். மறுபடியும் ஷட்ஜம் சுத்த ரிஷபத்துக்கு ஏறுகிறது. குவின்டெட் முழுவதும் முடியும் இடத்தில், ஐந்து பேரும் சேர்ந்து பலத்த ஒலியில் கடைசியாக வாசிக்கும் இரண்டு சுரங்களும் அதே டி ஃபிளாட்டும் சியும்தான். அடாஜியோவில் நம்மைத் தூக்கிப்போட்ட அந்த அரைப்படியை ஷூபர்ட் கடைசி வரை கைவிடவில்லை என்பது முழு ஐம்பது நிமிடத்தையும் ஒரே அமர்வில் கேட்டவருக்கே புரியும். அந்த ஐம்பது நிமிடத்தை ஒதுக்குங்கள்.